சுவரை வெட்டாமல் ஒரு சுவிட்ச்

கட்டி முடித்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்த வீட்டில் ஒரு சுவிட்சை ஆறடி தள்ளி வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கட்டர் மெஷின் சுவரில் இறங்கியதும் கூடத்திலிருந்து சமையலறை வரை செங்கல் தூசி பரவும். வெட்டிய காடியில் பைப் பதித்து, வயர் இழுத்து, சிமெண்ட் பூசி, அது காய்ந்தபின் பட்டி வைத்துத் தேய்க்க வேண்டும். கடைசியில் பழைய நிறத்தோடு புது நிறம் ஒட்டாமல் தனியே தெரிய, சுவர் முழுக்க மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும். எலக்ட்ரீஷியன் சீக்கிரம் கிளம்பிவிடுவார். கொத்தனாரும் பெயிண்டரும் அதன் பிறகும் வந்துபோவார்கள். கூலியிலும் பெரும்பங்கு அவர்களுக்கே போகும்.

இத்தனையும் ஒரு சின்னக் காரணத்துக்காக. விளக்குக்குப் போக வேண்டிய கரண்ட், சுவிட்ச் இருக்கும் இடம் வரை சுவருக்குள் இறங்கி வந்து, மறுபடி விளக்குக்கு ஏற வேண்டியிருக்கிறது. கரண்டைச் சேர்ப்பதும் பிரிப்பதும் ஒரு வேலை. அதைச் செய்யச் சொல்லிக் கட்டளையிடுவது இன்னொரு வேலை. சாதாரண சுவிட்சில் இரண்டும் ஒரே இடத்தில் நடக்கின்றன. வயர்லெஸ் சுவிட்ச் அவற்றைப் பிரித்துவிடுகிறது. கரண்டைச் சேர்ப்பது, விளக்கின் அருகிலோ பழைய சுவிட்ச் போர்டுக்குள்ளோ உட்கார்ந்திருக்கும் ரிசீவர் என்ற சிறிய பெட்டியின் பொறுப்பு. கட்டளையிடுவது கைக்கு எட்டும் ஒரு பொத்தானின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே வயர் இல்லை, ரேடியோ அலை மட்டுமே.

இதன் அருமை முதியவர்கள் இருக்கும் வீட்டில்தான் முழுதாகப் புரியும். நம் படுக்கையறைகளில் சுவிட்ச் போர்டு பெரும்பாலும் கதவோரம் இருக்கிறது. வீடு கட்டும்போது கட்டில் எங்கே வரும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். யோசித்திருந்தாலும் பிறகு ஏசி வந்திருக்கும், அலமாரி வந்திருக்கும், கட்டில் எதிர்ச்சுவருக்கு நகர்ந்திருக்கும். நடுராத்திரி பாத்ரூம் போக எழும் எழுபது வயதுக்காரர், கதவு வரை இருட்டில் தடவிக்கொண்டே போய்த்தான் விளக்கைப் போட வேண்டும். அந்த வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், எழுந்து நடக்க மாதக்கணக்கில் ஆகும். சிலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. கட்டில் தலைமாட்டில் ஒரு பொத்தான் இருந்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். மாடிப்படியில் கீழே மட்டும் சுவிட்ச் உள்ள வீடுகளிலும் இதே நிலைமைதான். டூ-வே வயரிங் செய்ய மறந்த படிக்கட்டில் மேலேயும் ஒரு பொத்தானை ஒட்டிவிட்டால் போதும்.

புது வயர் இழுக்காமல் விளக்கை அடக்கியாளும் ஆசை இன்று நேற்று வந்ததில்லை. ஸ்காட்லாந்தின் கிளென்ராதஸ் நகரில் இருந்த பைக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975இல் எக்ஸ்10 என்ற முறையைக் கொண்டுவந்தது. சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் மின்கம்பியையே தூதுக்கும் பயன்படுத்தியது அது. வீட்டு கரண்டின் மேல் 120 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் சிறு சமிக்ஞைகளை ஏற்றி அனுப்பும். மறுமுனையில் உள்ள கருவி அதைப் படித்து விளக்கைப் போடும். ஆனால் அதே கம்பியில் ஓடும் மற்ற கருவிகளின் இரைச்சல் அந்தச் சமிக்ஞையைக் கெடுத்தது. பிறகு வந்தவர்கள் ரேடியோ பக்கம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரேடியோ என்றதும் பேட்டரி பற்றிய கேள்வி எழும். சந்தையில் உள்ள பல பொத்தான்களுக்குள் இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி. அழுத்தும் நேரத்தில் மட்டுமே செலவாவதால் அது பல ஆண்டுகள் தாங்கும். என்றாலும் தீர்ந்துபோகும் நாளை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை. இந்த வட்ட பேட்டரியை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். பேட்டரி மூடியில் திருகு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அவசியம்.

பேட்டரியே வேண்டாத வழியும் இருக்கிறது. இந்தத் துறையின் மிக அழகான பகுதி அதுதான். 1956இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் டிவிக்காக 'ஸ்பேஸ் கமாண்ட்' என்ற ரிமோட்டை வெளியிட்டது. ராபர்ட் ஆட்லர் வடிவமைத்த அதற்குள் பேட்டரி கிடையாது. பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு சுத்தி அலுமினியத் தண்டு ஒன்றைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஓசையை டிவி கேட்டுக்கொள்ளும். விரலின் விசையே அங்கே எரிபொருள்.

அதே எண்ணத்தை ரேடியோவுக்குக் கொண்டுவந்தது, 2001இல் சீமென்ஸ் நிறுவனத்திலிருந்து பிரிந்து மியூனிக் அருகே தொடங்கிய எனோஷன். அதன் பொத்தானுக்குள் ஒரு சிறிய காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கின்றன. சைக்கிள் டைனமோ சக்கரத்தின் சுழற்சியில் கரண்ட் எடுப்பதுபோல, இது விரல் அழுத்தும் ஒரு 'டக்'கில் எடுக்கிறது. அடிப்படை, மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான். ஒரு அழுத்தலுக்குக் கிடைப்பது சுமார் 200 மைக்ரோஜூல். 9 வாட் எல்இடி பல்பை இதைக் கொண்டு எரியவிட்டால், ஒரு விநாடியை 45,000 கூறாக்கி அதில் ஏறக்குறைய ஒரு கூறு நேரம்தான் எரியும். ஆனால் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான ரேடியோ செய்தியை மூன்று முறை அனுப்ப அது போதும். முதல் செய்தி வழியில் தொலைந்தாலும் அடுத்தது போய்ச் சேரும். பிலிப்ஸ் 2014இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஹ்யூ டேப்' பொத்தானும் இந்த நுட்பத்தில் இயங்கியதே. இன்று 'கைனெடிக் சுவிட்ச்' என்ற பெயரில் இதே வகையில் வேறு பல நிறுவனங்களும் விற்கின்றன. அழுத்தும்போது சாதாரண சுவிட்சைவிடக் கொஞ்சம் கடினமாகவும் சத்தமாகவும் இருக்கும். கைவலி உள்ளவர்களுக்கு வாங்கும் முன் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்வது நல்லது.

பெரிய கட்டடங்களும் இதை நம்பியிருக்கின்றன. ஐம்பதுக்கும் மேற்பட்ட மாடிகள் கொண்ட, மாட்ரிட் நகரின் டோரே எஸ்பாசியோ கோபுரத்தில் இந்த வகை பேட்டரியில்லா சுவிட்சுகள் ஆயிரக்கணக்கில் பொருத்தப்பட்டன. அலுவலகங்களில் தடுப்புகளை மாற்றி மாற்றி அமைப்பார்கள். ஒவ்வொரு முறையும் சுவிட்சுக்கு வயர் இழுக்கும் செலவு அங்கே இல்லை.

நம் ஊரில் இது மிகப் பொருந்தும் இடம் செட்டிநாடு. காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் சுவர்களில் முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு, தலைமுறைகள் கடந்தும் பளபளக்கிறது. அதில் கட்டர் மெஷினை வைத்தால், வெட்டிய இடத்தை அதே பூச்சால் நிரப்பும் கைவினைஞரைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். சிமெண்டால் அடைத்தால் பழைய சுண்ணாம்போடு ஒட்டாமல் வடு நிற்கும். ஒரு சுவிட்சுக்காக அப்படிப்பட்ட சுவரைக் கிழிப்பது பெரும் இழப்பு. பொத்தானைச் சுவரில் ஒட்டக்கூட மனம் வராதவர்கள் தேக்கு மேசையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

சரி, நம் வீட்டில் ரிசீவரை எங்கே வைப்பது? முழு வேலையிலும் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். ரிசீவருக்கு எப்போதும் பேஸும் நியூட்ரலும் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கூரையில் விளக்கு மாட்டிய பாயிண்டில் நியூட்ரல் உண்டு. ஆனால் அங்கே வரும் பேஸ், கீழே உள்ள பழைய சுவிட்ச் வழியாக வருவது. அந்தச் சுவிட்சை யாராவது பழக்கத்தில் நிறுத்திவிட்டால் ரிசீவர் செத்துவிடும். தலைமாட்டுப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. ஆப் மூலம் இயங்கும் ஸ்மார்ட் பல்புகளுக்கும் இதே கதிதான். சுவிட்ச் போர்டே நல்ல இடம். நம் ஊர்ப் போர்டுகளில் பிளக் பாயிண்டும் சேர்ந்தே இருப்பதால் அங்கே நியூட்ரல் கிடைக்க வாய்ப்பு அதிகம். இங்கிலாந்து, அமெரிக்காவின் பழைய வீடுகள் பலவற்றுக்கு இந்த வசதி கிடையாது. சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வர வேண்டும் என்று அமெரிக்க மின்விதியே 2011 பதிப்பில்தான் சொன்னது. பழைய சுவிட்சையும் இணைத்துக்கொள்ளும் முனை உள்ள ரிசீவராகப் பார்த்து வாங்கினால், கதவோரச் சுவிட்சும் தலைமாட்டுப் பொத்தானும் இரண்டுமே வேலை செய்யும்.

அடுத்தது இன்வெர்ட்டர். பல வீடுகளில் அறைக்கு ஒரு லைட்டும் ஃபேனும் மட்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். ரிசீவரை ஈபி லைனில் சேர்த்துவிட்டால், கரண்ட் போன ராத்திரியில், அதாவது வெளிச்சம் மிகவும் வேண்டிய நேரத்தில், அந்தப் பொத்தான் உதவாது. கரண்ட் போய்த் திரும்பும்போது ரிசீவர் என்ன செய்யும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சில அணைந்த நிலையிலேயே நிற்கும். சில கடைசியாக இருந்த நிலைக்குத் திரும்பும். படுக்கையறைக்கு முதல் வகை மேல். இல்லாவிட்டால் அதிகாலை மூன்று மணிக்கு கரண்ட் வந்ததும் விளக்கு தானாக எரிந்து தூக்கத்தைக் கெடுக்கும்.

ரேடியோ அலைக்குச் செங்கல் சுவர் பெரிய தடையில்லை. கம்பி கட்டிய கான்கிரீட், இரும்பு பீரோ, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை தடை. பழைய வீடுகளில் சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் பதித்திருப்பது இரும்புப் பெட்டி. அதன் ஆழத்தில் ரிசீவரைத் திணித்தால் பக்கத்து அறைப் பொத்தான்கூட எட்டாமல் போகலாம். ஆன்டெனா வயர் வெளியே தெரிகிற மாதிரி விட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும் கருவிகளைவிடக் குறைந்த அலைவரிசைக் கருவிகள் தடித்த சுவரை நன்றாகக் கடக்கும்.

வெளிநாட்டு உறவினர் பெட்டியில் கொண்டுவரும் சுவிட்சுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க ரிசீவர்களில் பல 120 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை. நம் 230 வோல்ட்டில் மாட்டினால் கருகிவிடும். அலைவரிசையிலும் சிக்கல் உண்டு. இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எனோஷனின் ஐரோப்பிய வகை 868.3இல் இயங்குகிறது, மயிரிழையில் வெளியே. அமெரிக்க வகையின் 902 மெகாஹெர்ட்ஸ் இங்கே மொபைல் போன்களின் அலைவரிசைக்குள் வருகிறது. இந்தியாவில் விற்க அனுமதி பெற்ற, அலைவரிசை அச்சிட்ட பெட்டியாகப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

இவ்வளவு நன்மை இருந்தும், ஒரு விஷயத்தில் இந்தச் சுவிட்சை நம்பவே கூடாது. பழுதான வயரிங்கை இது சரிசெய்யாது. புது வயர் இழுக்க வேண்டாம் என்று விளம்பரம் சொல்லும்போது, வீட்டை ரீவயரிங் செய்யவே தேவையில்லை என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். சுவிட்சின் இடத்தை மாற்றுவதற்கு வயர் தேவையில்லை, அவ்வளவுதான் பொருள். அலுமினிய வயர் ஓடும் வீடு, தொட்டால் உதிரும் இன்சுலேஷன், எர்த் இல்லாத இரண்டு வயர் இணைப்பு, ஃப்யூஸ் கட்டையில் தடித்த கம்பி, இவை எதையும் ஒரு பொத்தான் தொடாது. மழைக்காலத்தில் சுவரில் ஷாக் அடிக்கும் வீட்டில் முதலில் வர வேண்டியவர் மெக்கர் கருவியோடு வரும் லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன். வயருக்கும் எர்த்துக்கும் இடையே இன்சுலேஷன் 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால், வயரிங்கைச் சரிசெய்யத்தான் வேண்டும், அதற்குச் சுவரை வெட்ட நேர்ந்தாலும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி வைப்பதை, வயர்லெஸ் சுவிட்சுக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவாகக் கொள்ள வேண்டும்.

ரிசீவரின் அளவும் முக்கியம். 5 ஆம்பியர் ரிசீவர் விளக்குக்கும் ஃபேனுக்கும் போதும். கீசர், ஏசி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றை அதில் சேர்த்தால் சூடேறி உருகும். மலிவான சில கருவிகள் ஒரே குறியீட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால், அதைப் பிடித்து நகலெடுக்க முடியும். விளக்குக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை, கேட் மோட்டாருக்கு உண்டு. பல்பு மாற்றும்போது பொத்தானை அணைத்துவிட்டோம் என்று ஹோல்டரில் கை வைப்பதும் தவறு. இன்னொரு அறையிலிருந்து யாராவது அழுத்தினால் உயிர்பெற்றுவிடும். எம்சிபியை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

கரண்ட் பில்லில் இதன் பங்கு சிறியது. காத்திருக்கும்போது அரை வாட் எடுக்கும் ரிசீவர், ஆண்டு முழுக்கச் சுமார் 4.4 யூனிட் செலவழிக்கும். வீட்டில் நான்கைந்து இடத்துக்கு வைத்தால் பெரிதாகத் தெரியாது. வீட்டின் எல்லா விளக்குக்கும் வைப்பவர்கள் ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் வைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. தலைமாடு, மாடிப்படி, பாத்ரூம் வழி, நுழைந்த பிறகு சுவிட்சைத் தேட வைக்கும் ஸ்டோர் ரூம் ஆகியவற்றுக்கு வைத்தாலே பாதிக் குறை தீரும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் வசதி. வீட்டுக்காரரிடம் சுவரை வெட்ட அனுமதி கேட்க வேண்டியதில்லை. காலி செய்யும்போது ரிசீவரைக் கழற்றிப் பழைய இணைப்பைப் போட்டுவிட்டுப் பொத்தானோடு எடுத்துக்கொண்டு போகலாம். பொத்தானை ரிசீவரோடு பழக்குவதும் சுலபம். ரிசீவரில் உள்ள சிறு பட்டனை அது கண்சிமிட்டும் வரை பிடித்து, பிறகு பொத்தானை ஒருமுறை அழுத்தினால் முடிந்தது. ஒரே விளக்குக்கு இரண்டு மூன்று பொத்தான்களைப் பழக்கலாம்.

பொத்தானின் இடத்தை மட்டும் அவசரப்பட்டு முடிவுசெய்ய வேண்டாம். முதலில் இரட்டைப் பக்க டேப்பில் லேசாக ஒட்டி, அதைப் பயன்படுத்தப்போகிறவரே படுத்த நிலையில், விளக்கை அணைத்துவிட்டு, கையை நீட்டிப் பார்க்கட்டும். உட்கார்ந்து பார்க்கும்போது சரியாகத் தோன்றும் உயரம், படுத்தால் எட்டாமல் போவது வழக்கம். சில நாள் புழங்கிய பிறகு திருகு போடுவதா, டேப்போடு விடுவதா என்று தீர்மானிக்கலாம்.