முகச்சுருக்கம் போக்கும் விஷ ஊசி!

மனிதன் அறிந்த விஷங்களிலே மிகவும் கொடியது எது? நாகப் பாம்பின் விஷம் அல்ல. கெட்டுப்போன உணவில் பிறக்கும் ஒரு விஷம்!

அந்த விஷத்தைத்தான் இன்று லட்சக்கணக்கான பெண்கள், பணம் கொடுத்து, முகத்தில் ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள். ஆண்களும் உண்டு.

எதற்காக? நெற்றியில் விழுந்த கோடு மறையவேண்டும். கண்ணோரச் சுருக்கம் போகவேண்டும். அதற்காக!

அந்த ஊசி மருந்தின் பெயர் "போடாக்ஸ்". சினிமா நட்சத்திரங்களைப் பற்றிய செய்திகளில் இந்தப் பெயர் அடிக்கடி வரும். ஆனால் அது முதலில் அழகுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. மாறுகண்ணுக்கு வைத்தியம் தேடியபோது கிடைத்தது.

கோபித்துக்கொண்ட மாது

கனடா நாட்டில் வான்கூவர் என்ற நகரம் இருக்கிறது. அங்கே ஜீன் கரதர்ஸ் என்ற பெண் டாக்டர் கண் வைத்தியம் பார்த்து வந்தார். அவருடைய கணவர் அலஸ்டேர் கரதர்ஸ், தோல் வைத்திய நிபுணர்.

1987-ம் ஆண்டு. டாக்டர் ஜீனிடம் ஒரு மாது வைத்தியத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். அவருக்கு வந்த நோய் விசித்திரமானது. கண் இமைகள் தாமாகவே இறுக மூடிக்கொள்ளும். திறக்க முடியாது. பார்வை நன்றாக இருந்தும் பயன் இல்லை! இமையைச் சுற்றியுள்ள தசை இழுத்துக்கொள்வதால் வரும் நோய் இது.

அந்தத் தசையைத் தளர்த்துவதற்காக, டாக்டர் இந்த விஷத்தை மிக மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் செலுத்துவார்.

ஒரு நாள் அந்த மாது கோபித்துக்கொண்டார். இரண்டு புருவங்களுக்கும் நடுவே ஏன் ஊசி போடவில்லை என்று கேட்டார்.

அந்த இடத்தில் இழுப்பு இல்லையே என்றார் டாக்டர். இழுப்பு இல்லாவிட்டால் என்ன, அங்கே ஊசி போட்டால் தன் முகம் கவலை இல்லாத முகமாக மாறிவிடுகிறது என்றார் அந்த மாது!

டாக்டர் ஜீன் யோசித்தார். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் இதைச் சொன்னார். கணவரிடமோ, புருவத்தின் நடுவே விழும் கோட்டைப் போக்கச் சொல்லிப் பலர் வந்துகொண்டிருந்தார்கள். அவருக்குத் திருப்தியான வைத்தியம் கிடைக்கவில்லை.

மறுநாளே சோதனை தொடங்கியது. வைத்தியசாலையில் வரவேற்பு வேலை பார்த்த பெண்ணுக்கு முதல் ஊசி! டாக்டர் ஜீனும் தன் நெற்றியில் போட்டுக்கொண்டார். வேறு ஆட்கள் எளிதில் கிடைக்கவில்லை. விஷத்தை முகத்தில் குத்திக்கொள் என்றால் யார்தான் வருவார்கள்?

1992-ம் ஆண்டு, கணவனும் மனைவியும் தங்கள் சோதனையைப் பற்றி வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். அதற்குக் காப்புரிமை எதுவும் அவர்கள் வாங்கி வைக்கவில்லை. வாங்கியிருந்தால் கோடீசுவரர்கள் ஆகியிருப்பார்கள்!

பன்றிக்கறியில் பிறந்தது

விஷத்தின் கதை இன்னும் பழையது. ஜெர்மனியில் இறைச்சியையும் இரத்தத்தையும் மிருகத்தின் குடலில் அடைத்துப் புகையில் வாட்டி வைப்பார்கள். வைத்திருந்து சாப்பிடுவார்கள். சரியாகப் பக்குவம் செய்யாவிட்டால் ஆபத்து. தின்றவருக்கு வாய் உலரும். கண் இமை தொங்கும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். பிறகு கை கால் சோரும். கடைசியில் மூச்சு நிற்கும். ஆனால் அறிவு மட்டும் தெளிவாக இருக்கும்!

ஜஸ்டினஸ் கெர்னர் என்ற டாக்டர் இதை ஆராய்ந்து 1820-லும் 1822-லும் எழுதினார். இவர் ஒரு கவிஞரும்கூட. கெட்ட கறியில் இருந்து எடுத்த சாற்றைத் தானே சில துளி அருந்திப் பார்த்தவர்! அளவாகக் கொடுத்தால் இந்த விஷம் இழுப்பு நோய்களுக்கு மருந்தாகலாம் என்று அப்போதே அவர் எழுதி வைத்தார்.

1895-ம் ஆண்டு பெல்ஜியத்தில் எல்செல் என்ற கிராமத்தில் ஒரு சாவு வீடு. வாத்தியம் வாசிக்க வந்தவர்கள் பன்றிக்கறி சாப்பிட்டார்கள். பலர் படுத்துவிட்டார்கள். 3 பேர் இறந்தார்கள். வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் அந்தக் கறியைச் சோதித்தார். விஷத்தை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்தார். காற்றுப் படாத இடத்தில் வளரும் கிருமி அது.

மாறுகண்ணுக்கு மருந்து

அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவில், ஆலன் ஸ்காட் என்ற கண் டாக்டர் இருந்தார். மாறுகண்ணைக் கத்தி வைக்காமல் சரி செய்ய முடியுமா என்று அவர் ஆராய்ந்தார். கண்ணை ஒரு பக்கமாக இழுக்கும் தசையை மட்டும் தளர்த்தினால் போதும் அல்லவா? பல மருந்துகளைச் சோதித்தார். இந்த விஷம் வெற்றி தந்தது. முதலில் குரங்குகளுக்குக் கொடுத்தார். பிறகு மனிதர்களுக்குக் கொடுத்தார். 1989-ல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. பிறகு ஒரு கம்பெனி அதை வாங்கி, "போடாக்ஸ்" என்று பெயர் வைத்தது.

டாக்டர் ஸ்காட் 2021-ல் காலமானார். அவர் நினைத்தது மாறுகண்ணை. உலகம் பிடித்துக்கொண்டது நெற்றிக் கோட்டை!

ஊசி என்ன செய்கிறது?

கோபம் வந்தால் புருவம் சுருங்குகிறது. சிரித்தால் கண்ணோரம் மடிகிறது. ஆச்சரியப்பட்டால் நெற்றி ஏறுகிறது. இவை எல்லாம் தசைகளின் வேலை. காகிதத்தை ஒரே இடத்தில் ஆயிரம் தடவை மடித்தால் கோடு விழும். தோலும் அப்படித்தான்.

சுருங்கு என்ற உத்தரவைத் தசைக்குக் கொண்டுவருவது நரம்பு. நரம்பின் நுனியில் ஒருவித ரசம் சுரந்தால்தான் தசை சுருங்கும். விஷம் அந்த ரசம் வெளியே வராமல் தடுத்துவிடுகிறது. உத்தரவு போய்ச் சேருவதில்லை. தசை சும்மா கிடக்கிறது. தோல் விரிகிறது.

ஊசி போட்ட சில நாட்களில் பலன் தெரியும். 3 அல்லது 4 மாதம் நிற்கும். பிறகு நரம்பு மறுபடியும் வேலை செய்யத் தொடங்கும். கோடும் திரும்பி வரும். மறுபடியும் ஊசி, மறுபடியும் செலவு!

புருவ நடுக் கோட்டுக்கு அமெரிக்காவில் 2002-ல் அனுமதி கிடைத்தது. கண்ணோரச் சுருக்கத்துக்கு 2013-ல் கிடைத்தது. இதை மேல்நாட்டார் காக்கையின் கால் என்பார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். நெற்றிக் கோட்டுக்கு 2017-ல் அனுமதி. புருவ நடுவில் 5 இடங்களில் குத்துவார்கள். ஒவ்வொரு கண்ணோரத்திலும் 3 இடங்கள்.

முகத்தை அசைக்காதபோதும் தெரிகிற ஆழமான மடிப்பு இதனால் முழுவதும் போகாது. வெயிலில் வாடிய தோலும் இதனால் புதிதாகாது. இதைச் சொல்லாமல் ஊசி போடுகிறவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இமை தொங்கினால்?

குத்தும் இடம் சற்றுத் தவறினால் மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவும். கண் இமை தொங்கிப் போகும். நெற்றியில் அதிகமாகப் போட்டால் புருவம் கீழே இறங்கும். ஏனென்றால் புருவத்தைத் தூக்கிப் பிடிப்பதே நெற்றித் தசைதான். உடனே மாற்ற வழி இல்லை. மருந்தின் வேகம் குறையும்வரை காத்திருக்கவேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் டாக்டர்கள் பொதுவாக இதைப் போடுவதில்லை. தசை பலம் இழக்கும் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. ஊசிக்குப் பின் விழுங்கவோ பேசவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மருந்துச் சீசாவில் உள்ளது அளந்து கரைத்த, கண்ணுக்குத் தெரியாத அளவு விஷம். அந்த அளவை மீறினால் என்ன ஆகும்? 2004-ம் ஆண்டு அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் அது நடந்தது.

அங்கே ஒரு டாக்டர். தொழில் செய்யும் உரிமை நிறுத்தி வைக்கப்பட்டவர். அவர் அழகு மருந்தை வாங்கவில்லை. ஆராய்ச்சிச் சாலைகளுக்கு விற்கும் சுத்த விஷத்தை வாங்கினார். மனிதர்களுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று அதன் மேல் எழுதியிருந்தது. அதைக் கரைத்துத் தனக்கும் வேறு 3 பேருக்கும் போட்டார். அவர்களில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

நான்கு பேரும் விழுந்தார்கள். அசைய முடியவில்லை. மூச்சுவிட இயந்திரம் வைக்கவேண்டி வந்தது. கெர்னர் காலத்துக் கறி விஷத்தின் அதே அடையாளங்கள்!

நான்கு பேரும் பிழைத்தார்கள். ஆனால் எழுந்து நடக்கப் பல மாதங்கள் ஆயின. டாக்டருக்கு 2006-ல் 3 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.