தாயிழந்த யானைக் கன்றுகளும் தர்மப் பணமும்

தந்தத்துக்காக ஒரு பெண் யானையைச் சுட்டு வீழ்த்துகிறவன் ஓர் உயிரைத்தான் பறித்தான் என்று கணக்கு எழுதிவிடுவதற்கில்லை. அதற்கு இரண்டு வயதுக்கு உட்பட்ட கன்று இருக்குமானால், பாலின்றி அதுவும் மாண்டுபோகும். இந்த இரண்டாவது மரணத்தைத் தடுப்பதற்கென்று கென்யா தேசத்தில், பல நாடுகளிலிருந்தும் சாமானிய ஜனங்கள் அனுப்பும் நன்கொடையைக் கொண்டு பாடுபட்டு வருகிறது ஷெல்ட்ரிக் வனவிலங்கு அறக்கட்டளை.

சாவோ கிழக்குத் தேசியப் பூங்காவின் முதல் வார்டனாக இருந்து கள்ள வேட்டைக்காரரோடு போராடிய டேவிட் ஷெல்ட்ரிக் 1977-ல் காலமானபின், அவர் ஞாபகார்த்தமாக மனைவி டாஃப்னி இதை ஸ்தாபித்தார். 1979-ல் சுமார் 13 லட்சம் என்று மதிப்பிடப்பட்ட ஆப்பிரிக்க யானைகள் பத்தே வருஷங்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துபோன கொடிய காலம் அது. சர்வதேசத் தந்த வியாபாரத்துக்குத் தடை விதிக்கும் தீர்மானம் 1989-ல்தான் பிறந்தது.

பசும்பாலின் கொழுப்பு யானைக் கன்றுக்கு ஜீரணமாவதில்லை. அதனால் கன்றுகள் ஒவ்வொன்றாக இறப்பதைக் கண்டு மனம் நொந்த டாஃப்னி, வருஷக்கணக்கான பிரயத்தனத்துக்குப் பிறகு, தேங்காய் எண்ணெய் சேர்ந்த குழந்தைப் பால்மாவே தாய்ப்பாலுக்கு நெருங்கி வருவதைக் கண்டார். அந்தப் பாலால் வளர்ந்த ஆயிஷா என்னும் கன்றோ, மகளின் கலியாணத்துக்காக அவர் சில நாட்கள் பிரிந்து சென்ற ஏக்கத்தினாலேயே நலிந்து இறந்தது. ஆதலால் இன்று நைரோபியிலுள்ள காப்பகத்தில் எந்தக் கன்றும் ஒருவரையே தாயாகப் பற்றிவிடாதபடி, பராமரிப்போர் இரவுதோறும் முறை மாற்றி அதனதன் கொட்டிலிலேயே உடன் படுத்துறங்கி, மூன்று மணிக்கொரு தரம் புட்டிப்பால் ஊட்டுகிறார்கள். தாயின் வயிற்றில் ஒட்டிக்கொள்வது போன்ற ஆறுதலுக்காகக் கம்பளி ஒன்றைத் தொங்கவிடுவதும் உண்டு.

பச்சாத்தாபத்தில் ஒரு முறை அனுப்பும் பெருந்தொகையைவிட, ஒரு கன்றைப் பெயர் சொல்லித் தத்தெடுத்து வருஷந்தோறும் தவறாமல் அனுப்பும் சிறு தொகையே இந்த வேலைக்கு உகந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் சற்று வளர்ந்த கன்று சாவோவுக்குப் போய், காட்டு யானைகளோடு பழகி, தானாகவே கூட்டத்தில் சேர்ந்துவிடுவதற்குப் பல வருஷங்கள் செல்லும். அதுவரை தீவனம், வைத்தியம், சம்பளம் ஆகிய செலவுகள் ஒரு நாளும் நிற்பதில்லை.

அதே பணத்தில்தான், கென்ய வனவிலங்குத் துறையின் ஆயுதந்தாங்கிய காவலரோடு ரோந்துக் குழுக்கள் புதர் புதராகப் புகுந்து, இறைச்சிக்காக மான்களுக்கு வைக்கப்பட்டு யானைக் கன்றின் காலையும் துதிக்கையையும்கூட அறுத்துவிடும் கம்பிச் சுருக்குகளை அகற்றி வருகின்றன.