காம்பஸ்: ஒரு சொல், இரண்டு கருவி, மூன்று மொழி!



காம்பஸ் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வட்டம் போடுற கருவிதான். கணக்குப் புத்தகத்தில் அதற்குக் கவராயம் என்று பெயர். ஆனால் கப்பலில் போகிறவர்களிடம் காம்பஸ் என்று சொன்னால் அவங்க திசைகாட்டியைத்தான் நினைப்பாங்க. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் இரண்டு சொல். அரபு மொழியில் எப்படி? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சொல் எங்கிருந்து வந்தது?

காம்பஸ் என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ள 'பாஸுஸ்'. அதற்குக் காலடி என்று பொருள். காலடி வைத்து அளப்பது, சுற்றி வருவது என்ற பொருள்கள் அதில் இருந்து வந்தன. கவராயத்தைப் பாருங்கள், இரண்டு காலை வைத்துத் தாளில் நடக்கும், சுற்றியும் வரும். திசைகாட்டியிலும் திசைகள் வட்டமாகத்தான் எழுதியிருக்கும்.

இன்னும் ஒரு பொருளும் உண்டு. எல்லை, பரப்பு என்பதற்கும் ஆங்கிலத்தில் காம்பஸ் என்பார்கள். ஒருவர் குரல் எவ்வளவு கீழே இறங்கும், எவ்வளவு மேலே ஏறும் என்று சொல்லவும் இதே சொல்தான்!

அரபியில் என்ன?

1. திசைகாட்டி என்றால் 'பௌஸலா'. சிலர் 'பூஸலா' என்றும் சொல்வார்கள். இது இத்தாலிய மொழியின் 'புஸ்ஸோலா'வில் இருந்து வந்தது. அதற்குச் சின்னப் பெட்டி என்று பொருள்.

2. கவராயம் என்றால் 'ஃபிர்ஜார்'. இது பாரசீகத்தின் 'பர்கார்' என்ற சொல். அரபியில் 'ப' என்ற வல்லின ஒலி கிடையாது. அதனால் அது 'ஃப' ஆகிவிட்டது.

3. எல்லை, பரப்பு என்றால் 'மதா'.

பழைய அரபு மாலுமிகள் திசைகாட்டிக்கு இன்னொரு பெயர் வைத்திருந்தார்கள். 'பைத்துல் இப்ரா', அதாவது ஊசியின் வீடு. எவ்வளவு அழகான பெயர்! இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? இத்தாலிக்காரர்களும் அரபுக்காரர்களும் பெட்டியின் பெயரைக் கருவிக்கு வைத்தார்கள். நாம் கருவியின் பெயரைப் பெட்டிக்கு வைத்து 'காம்பஸ் பாக்ஸ்' என்கிறோம்.

ஊசி கடலுக்கு வந்த கதை

காந்த ஊசி திசை காட்டும் என்று சீனாவில் ஷென் குவோ என்ற அறிஞர் 1088 வாக்கிலேயே எழுதிவிட்டார். அது சரியாகத் தெற்கு வடக்காக நிற்காமல் கொஞ்சம் விலகி நிற்கும் என்பதையும் அவர் கவனித்தார். பூமியே ஒரு பெரிய காந்தம் போல இருப்பதால் ஊசி திரும்புகிறது. ஆனால் பூமியின் காந்த முனையும் உண்மையான வடமுனையும் ஒரே இடத்தில் இல்லை. அதுதான் விலகலுக்குக் காரணம்.

அரபியில் 1282-இல் பைலக் அல் கிப்ஜாகி என்பவர் எழுதிய நூலில், மாலுமிகள் ஊசியைத் தண்ணீரில் மிதக்க விட்டு இரவில் திசை பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். இந்தியப் பெருங்கடலில் ஊசிக்குப் பதில் இரும்பு மீன் ஒன்றை மிதக்க விடுவார்களாம்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. 'மாலுமி' என்ற நம்ம சொல்லே அரபியில் உள்ள 'முஅல்லிம்' என்பதில் இருந்து வந்ததுதான். முஅல்லிம் என்றால் ஆசிரியர்! கப்பலுக்கு வழி தெரிந்தவரையும் அப்படியே அழைத்தார்கள். நம் ஆசிரியர்களும் ஒரு வகையில் மாலுமிகள்தானே.

தொழுகைக்கு மக்காவை நோக்கி நிற்க வேண்டும். அந்தத் திசைக்குக் கிப்லா என்று பெயர். தமிழ்நாட்டில் இருந்து பார்த்தால் அது மேற்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்து இருக்கும். அதைக் காட்டும் சின்னப் பௌஸலாவும் கடையில் கிடைக்கும்.

திசைப் பெயர்களையும் பாருங்கள். தமிழில் கீழ் என்பதில் இருந்து கிழக்கு, மேல் என்பதில் இருந்து மேற்கு. நம்ம நிலம் மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலுக்குச் சரிவதால் அந்தப் பெயர். அரபியில் வடக்குக்கு 'ஷமால்'. இடது கைக்குச் சொல்லும் 'ஷிமால்' இதே வேரில் வந்தது. சூரியன் உதிக்கும் பக்கம் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் வடக்குதானே! நாம் நிலத்தைப் பார்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் உடம்பை வைத்துப் பெயர் வைத்தார்கள்.

ஏன் தெரிந்துகொள்ளணும்?

தமிழ்நாட்டு மீனவர்கள் பலர் வளைகுடா நாடுகளுக்குப் போய் மீன்பிடிப் படகுகளில் வேலை செய்கிறார்கள். அங்கே கடல் எல்லை பக்கம் பக்கமாக இருக்கும். 2024-இல் திருநெல்வேலி மாவட்ட மீனவர்கள் 28 பேர் எல்லை தாண்டியதாக பஹ்ரைனில் கைதானார்கள். இப்போது படகில் ஜி.பி.எஸ். இருக்கு, கையில் செல்போன் இருக்கு. ஆனால் பேட்டரி தீர்ந்தால் இரண்டும் நின்றுவிடும். ஊசிக்கு பேட்டரி வேண்டாம். பக்கத்தில் இரும்போ காந்தமோ இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த நேரத்தில் படகில் ஒருவர் "பௌஸலா எங்கே?" என்று கேட்டால் எதை எடுத்துக் கொடுக்கணும் என்று தெரியணும் இல்லையா?

அகராதியில் ஒரு சொல்லுக்கு நேராக முதலில் என்ன போட்டிருக்கோ அதையே எழுதிவிடுவது சரியில்லை. கணக்குக் கேள்வியில் காம்பஸ் வந்தால் ஃபிர்ஜார், கடல் பயணத்தில் வந்தால் பௌஸலா, பாட்டுக்காரர் குரலைப் பற்றி வந்தால் மதா. மாற்றிப் போட்டால் வட்டம் போட வேண்டியவர் வடக்கைத் தேடுவார்! சொல்லுக்கு அர்த்தம் தேடும் முன்னால், அது எந்த இடத்தில் வந்திருக்கு என்று பார்க்கணும்.

இனி நீங்க சொல்லுங்க: இதே போல ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகவும் தமிழில் இரண்டு சொல்லாகவும் இருப்பது வேறு என்ன? தெரிந்தவர்கள் இந்தத் தாளின் கீழே எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.



9-ஆம் வகுப்பு மாணவி