கைக்கடங்கிய நீராவிப் புகையிரதம்

விளையாட்டுப் புகையிரதத்தை அறியாத சிறுவர் இலர். சாவி கொடுத்தால் ஓடுவனவும், மின்சாரத்தால் ஓடுவனவும் நாம் கடைகளிற் காண்பவை. ஆனால், உள்ளே மெய்யான தீ எரிய, மெய்யான நீர் கொதிக்க, அந்த ஆவியின் வலிமையாலேயே சக்கரம் சுழன்று ஓடும் சிற்றெஞ்சின்களும் உலகில் உண்டு. இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்துப் பூம்பாத்திகளுக்கு இடையே ஒரு சாண் உயரத்தில் இருப்புப் பாதை அமைத்து, அதில் இவற்றை ஓட்டி மகிழ்வோர் பலர். ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளிலும் இப்பொழுதுபோக்கு வேரூன்றியுள்ளது.

இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடுதல் தகாது. இவற்றைச் சேர்ப்பவர் தபால்தலை சேர்ப்பவரைப் போலப் பெட்டியிற் பூட்டி வைத்துவிட்டு அமைதியாக இருக்க இயலாது. தீயும் நீரும் அமுக்கமும் ஒருங்கே கூடிய கருவி இது. பேணாவிடின் பழுதாகும், பழுதான நிலையில் ஓட்டினால் ஆபத்தும் விளையும். ஆகவே, சேர்ப்பதும் பேணுவதும் இங்கே ஒரே தொழிலாகி விடுகின்றன.

முன் தோன்றிய சிறியது

பெரிய புகையிரதத்தைப் பார்த்துச் சிறியதைச் செய்தனர் என்றே நாம் எண்ணுவோம். வரலாறோ வேறு விதமாக இருக்கிறது. 1784ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கோண்வோல் பகுதியிலுள்ள ரெட்ரூத் என்னும் ஊரில், வில்லியம் மேர்டொக் என்பார் மூன்று சக்கரங்களுடைய சிறிய நீராவி வண்டி ஒன்றைச் செய்து ஓட்டினார். ஓர் இரவு அது அவரை விட்டு முந்தி ஓட, எதிரே வந்த பாதிரியார் நெருப்பைக் கக்கி வரும் அதனைப் பேயென்று எண்ணிக் கூவினார் என்று ஒரு கதை வழங்குகிறது. தண்டவாளத்தின் மீது முதல் நீராவி எஞ்சினை 1804இல் ஓட்டிக் காட்டிய ரிச்சர்ட் திரெவிதிக்கும் அதற்கு முன்னர் சிறிய மாதிரிகளைச் செய்தே தம் கருத்தைச் சோதித்தார்.

பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில், பித்தளையாற் செய்த விளையாட்டு எஞ்சின்கள் கடைக்கு வந்தன. இவை தண்டவாளமின்றித் தரையிலேயே ஓடும். போகும் வழியெல்லாம் நீரைச் சொட்டிச் செல்லுமாதலால் ‘பேர்மிங்ஹாம் ஒழுக்கி’ எனப் பரிகாசப் பெயர் பெற்றன. 1891இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனத்தார் விளையாட்டுப் பாதைகளுக்கு இன்ன அகலம் என்று வரையறை செய்தனர். அவ்வழி வந்த 45 மில்லிமீற்றர், 32 மில்லிமீற்றர் என்னும் இரு அகலங்களே இன்றும் தோட்டப் பாதைகளில் வழங்குகின்றன.

குறுக்க முடியாத இயற்கை

மாணவர் சிந்திக்கத்தக்க ஒரு கணக்கு இங்கே உண்டு. பெரிய எஞ்சினை ஒவ்வோர் அளவிலும் பத்தொன்பதில் ஒரு பங்காகக் குறுக்கினோம் என்று வைத்துக்கொள்வோம். கொதிகலத்தின் மேற்பரப்பு 361இல் ஒரு பங்காகும். அதனுள் அடங்கும் நீரோ 6,859இல் ஒரு பங்காகி விடும். எனவே, உள்ள நீரின் அளவுக்கு மேற்பரப்பு பத்தொன்பது மடங்கு மிகுதி. பெற்ற வெப்பத்தை அது விரைவில் இழந்துவிடும். நீர் கொதிக்கும் வெப்பநிலையையோ, தீ எரிவதற்கு வேண்டிய காற்றையோ நாம் குறுக்க முடியாது. பெரிய எஞ்சினின் வரைபடத்தை அப்படியே சிறிதாக்கிச் செய்தால் அது செவ்வனே ஓடாமைக்குக் காரணம் இதுவே.

இவ்வளவு சிறிய அடுப்பில் நிலக்கரி சரிவர எரியாது, மதுசார விளக்கே தகும் என்று ஒரு காலத்தில் அறிஞர் பலர் கருதினர். ‘எல்.பி.எஸ்.சி.’ என்ற புனைபெயரில் எழுதிய லோரன்ஸ் என்பார் அதனை மறுத்தார். வாதம் பத்திரிகைகளில் முற்றியது. 1924இல் இலண்டனில், இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் ‘ஆயிஷா’ என்னும் தமது நிலக்கரி எஞ்சினைக் கொண்டு, வளர்ந்த ஆட்களையே இழுத்துக் காட்டினார். அதன்பின் ‘மொடல் எஞ்சினியர்’ என்னும் சஞ்சிகையில் பல்லாண்டு காலம் அவர் எழுதிய பாடங்களைப் படித்து, சிறிய கடைசற் பொறி ஒன்றை மாத்திரம் உடைய சாதாரணத் தொழிலாளரும் வீட்டிலேயே எஞ்சின் செய்தனர். அவர் 1967இல் மறைந்தார். அவருடைய வரைபடங்களைக் கொண்டு எஞ்சின் செய்வோர் இன்றும் உளர்.

தோட்டத்துக்கு ஏற்ற குறும்பாதை

ஆளை இழுக்கும் எஞ்சினுக்கு இடமும் பொருளும் மிகுதியாக வேண்டும். ஆகவே, சிறு தோட்டம் உடையோர் ஒடுங்கிய பாதைப் புகையிரதங்களின் மாதிரிகளை நாடினர். வேல்ஸ் நாட்டில் மலையிலிருந்து கற்பலகைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1836இல் திறக்கப்பட்ட பெஸ்டினியொக் பாதை ஏறக்குறைய 2 அடி அகலமே உடையது. ஓர் அடிக்கு 16 மில்லிமீற்றர் என்ற கணக்கில் குறுக்கினால் அது 32 மில்லிமீற்றர்ப் பாதைக்குச் சரியாகப் பொருந்துகிறது. நமது நாட்டிலும் களனிப் பள்ளத்தாக்குப் பாதை 2 அடி 6 அங்குல அகலமே உடையதாக இருந்து, 1990களில் அகலப் பாதையாக்கப்பட்டது. அத்தகைய பாதைகளில் வளைவுகள் குறுகியவை, எஞ்சின்கள் குட்டையானவை. தோட்டத்து மூலைகளில் திரும்ப அவையே ஏற்றவை.

1975 முதல் ஜப்பானின் அஸ்ரர் நிறுவனம் மிக நுட்பமான எஞ்சின்களைக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டது. பணம் படைத்த சேகரிப்பாளர் அவற்றை நாடினர். அக்காலத்தை அடுத்து இங்கிலாந்தின் மாமொட் நிறுவனம் எளிய விலையில் ஒரு சிற்றெஞ்சினை விற்றது. அதன் ஆற்றல் சொற்பமே. ஆயினும், வாங்கியோர் அதன் அடுப்பை மாற்றியும் கொதிகலத்தை மாற்றியும் திருத்தித் திருத்தியே தொழில் கற்றனர். 1982இல் டொன்காஸ்ரர் நகரில் தோன்றிய ரவுண்ட்ஹவுஸ் நிறுவனம், வாயுவால் எரியும் உறுதியான எஞ்சின்களைச் செய்து இக்கலையைப் பலருக்கும் எட்டச் செய்தது.

தீ மூட்டுமுன்

எஞ்சினை ஓட்டுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அசையும் மூட்டுகளுக்கு எண்ணெய் இடுதல். அடுத்து, ஆவி நிற்பதற்கு இடம் விட்டுக் கொதிகலத்தில் நீர் ஊற்றுதல். அதன்பின், அருகில் தீ ஏதும் இல்லாத வெளியிடத்தில் வாயு நிரப்புதல். இறுதியாகவே தீ மூட்டுதல். சில நிமிடங்களில் அமுக்கமானியின் முள் எழும். சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் என்பது இத்தகைய எஞ்சின்களில் வழக்கமான அமுக்கம். அப்போது உள்ளேயுள்ள நீரின் வெப்பநிலை சுமார் 140 பாகை சென்ரிகிரேட். முதலில் குளிர்ந்த உருளைகளில் ஆவி நீராகிப் புகைபோக்கி வழியே சீறித் தெறிக்கும். பிறகு எஞ்சின் சூடேறி ஒழுங்காக ஓடத் தொடங்கும்.

நீர் தீருமுன் வாயு தீர்ந்துவிடும்படி கலங்களின் அளவை அமைப்பது நல்ல எஞ்சினின் இலக்கணம். நீர் வற்றிய கொதிகலத்தின் அடியில் தீ எரிவதே இதில் நேரக்கூடிய பெருங்கேடு. பழைய விளையாட்டு எஞ்சின்களை ஈயப் பற்றாசினால் ஒட்டினர். அது சுமார் 200 பாகையிலேயே உருகிவிடும். இன்று செப்புக் கொதிகலங்களை வெள்ளிப் பற்றாசினால் ஒட்டுகின்றனர். அஃது உருக 600 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும்.

எண்ணெய் இடும் முறை மிகவும் வியப்பானது. ஆவிக் குழாயின் அருகே ஒரு சிறு கலத்தில் தடித்த எண்ணெய் இருக்கும. நுண்துளை வழியே ஆவி அதனுட் புகுந்து குளிர்ந்து நீராகும். நீர் கனத்தது, அடியில் தங்கும். எண்ணெய் மேலெழுந்து, துளித்துளியாக ஆவியோடு சென்று முசலத்தை நனைக்கும். ஓட்டம் முடிந்தபின் அக்கலத்தில் எஞ்சிய நீரை அகற்ற வேண்டும். மறந்தால் மறுமுறை எண்ணெய் நிரப்ப இடமிராது. உருளைகள் வறண்டு தேயும்.

நீரிலும் கவனம் தேவை. சுண்ணாம்பு கலந்த குழாய்நீர் கொதிகலத்தின் உட்புறத்தில் படிவை உண்டாக்கும். அப்படிவு வெப்பத்தைத் தடுப்பதோடு நுண்குழாய்களையும் அடைத்துவிடும். ஆகவே, வடித்த நீரையோ வடிகட்டிய மழைநீரையோ ஊற்றுவர். மதுசார விளக்குடைய எஞ்சினாயின் மற்றோர் எச்சரிக்கை: அதன் சுவாலை பகலொளியில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணி மீண்டும் மதுசாரம் ஊற்றுவது பெருந்தவறு.

கொதிகலத்தின் பரீட்சை

நிறுத்தி வைத்த எஞ்சினின் கொதிகலம் உறுதியானதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. எனவே, அதனை நீரால் முற்றாக நிரப்பி, குளிர்ந்த நிலையிலேயே பம்பினால் அமுக்கம் ஏற்றிச் சோதிப்பர். புதிய கொதிகலத்துக்கு வேலை அமுக்கத்தின் இருமடங்கு. பழகியதற்கு ஒன்றரை மடங்கு. காற்றினால் ஏன் சோதிப்பதில்லை என்று மாணவர் வினவலாம். காற்று சுருங்கிச் சக்தியைச் சேமித்து வைக்கும். கலம் பிளந்தால் வெடித்துச் சிதறும். நீரோ அவ்வளவு சுருங்காது; பிளவு நேர்ந்தால் ஒழுகி ஓய்ந்துவிடும். இங்கிலாந்துச் சங்கங்களில் இச்சோதனைக்கு அத்தாட்சிப் பத்திரமும் வழங்கப்படுகிறது. அதனைக் காட்டாதவருக்குப் பொதுப் பாதையில் இடமில்லை என்பதே பெரும்பாலான சங்கங்களின் விதி. எத்துணை அரிய எஞ்சினாயினும் இவ்விதிக்கு விலக்கில்லை.

கண்ணாடிப் பெட்டியா, பாதையா?

சேகரிப்போரிடையே தீராத வழக்கு ஒன்றுண்டு. நூறாண்டு பழைய எஞ்சினை ஓட்டலாமா? ஓட்டினால் தேயும், வண்ணம் கருகும் என்பர் ஒரு சாரார். ஓடாத எஞ்சின் வெறும் பித்தளைப் பாத்திரமே என்பர் மறு சாரார். இரு சாராரின் கூற்றிலும் நியாயம் உண்டு. பழைய வண்ணத்தைச் சுரண்டிப் புதிது பூசினால், செய்தவன் கைவேலையின் சான்று அழிந்துபோகும். மீளப் பெற முடியாது. கொதிகலமோ தேயும் பொருள், அதனை மாற்றலாம். ஆகவே, புதிய கொதிகலம் பூட்டி ஓட்டி, பழையதை எறியாமல் எஞ்சினுடனேயே பாதுகாத்து வைப்பதே நடுவழி என நாம் கருதுகிறோம். மிகப் பழைய எஞ்சின்களின் விளக்கிலும் வெப்பக் காப்பிலும் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு விளைப்பது. அதனை உலர்ந்த நிலையிற் கிளறாமல், அறிந்தவரைக் கொண்டு அகற்றுவித்தல் வேண்டும்.

இன்னுமொன்று. சேகரித்தவர் மறைந்தபின், எந்த எஞ்சினின் கொதிகலம் எப்போது சோதிக்கப்பட்டது, எது ஓட்டத்தக்கது, எது ஓட்டத் தகாதது என்று வீட்டார் அறியார். உதிரிப் பாகங்கள் ஒரு புறமும் எஞ்சின் ஒரு புறமுமாக விலைபோய்விடும். ஓட்டத் தகாத எஞ்சினை வாங்கியவர் அறியாது தீ மூட்டவும் கூடும். ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு சிறு குறிப்பேடு எழுதி வைத்தால் இக்கேடு நேராது. சோதித்த திகதி, மாற்றிய பாகம், ஊற்றும் எண்ணெயின் வகை ஆகிய மூன்றும் அதில் இருந்தாற் போதும்.

குறிப்பேட்டினும் மேலானது ஒன்று உண்டு. ஆவியின் ஒலியைக் கேட்டே உருளையின் நிலையை அறியும் பயிற்சி ஏட்டில் எழுத முடியாதது. அது மூத்தவர் அருகே நின்று இளையவர் பழகுவதாலேயே வருவது. தந்தை தீ மூட்ட, மகனோ மகளோ எண்ணெய்ச் சிமிழைக் கையில் ஏந்தி நிற்கும் வீடுகளில், எஞ்சின்களோடு இவ்வறிவும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருகிறது.