பதிலாளுக்கு வாக்கு உண்டு, பேச்சு இல்லை: பங்குதாரர் கூட்டத்தில் பிராக்சி நியமனம்

ஒரு நிறுவனத்தின் பொதுக்கூட்டத்தில் கலந்துகொண்டு வாக்களிக்க உரிமையுள்ள பங்குதாரர், தான் நேரில் போக முடியாதபோது தனக்காகப் போய் வாக்களிக்க இன்னொருவரை எழுத்துமூலம் நியமிக்கலாம். இவரே பதிலாள், பங்குச்சந்தை வட்டாரத்தில் பிராக்சி என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் இந்த உரிமை தானாகக் கிடைத்ததில்லை. நிறுவனத்தின் விதிகள் இடம் கொடுத்தால் மட்டுமே பதிலாள் வாக்களிக்கலாம் என்பதே 1883ஆம் ஆண்டின் ஹார்பென் - பிலிப்ஸ் வழக்கில் வெளிப்பட்ட நிலை. இந்தியாவில் அந்த உரிமையைச் சட்டமே தருகிறது. முன்பு 1956ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 176ஆம் பிரிவில் இருந்த இந்த ஏற்பாடு, இப்போது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 105ஆம் பிரிவில் இருக்கிறது.

உரிமையின் தேவை நிறுவனங்கள் கூட்டம் நடத்தும் முறையிலேயே இருக்கிறது. நேரில் கூடும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைப் பொதுவாக நிறுவனத்தின் பதிவு அலுவலகத்திலோ அந்த அலுவலகம் இருக்கும் ஊரிலோதான் நடத்த வேண்டும். அதுவும் காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் தொடங்க வேண்டும். மும்பையில் பதிவு அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகளைத் திருநெல்வேலியில் இருந்தபடி வாங்கியவர் அந்த ஒரு வாக்குக்காக ரயிலேற மாட்டார். ஆகவே கூட்ட அறிவிப்பிலேயே, பதிலாள் நியமிக்கும் உரிமை உண்டு என்பதையும் பதிலாள் அந்நிறுவனத்தின் பங்குதாரராக இருக்க வேண்டியதில்லை என்பதையும் கண்ணில் படும்படி அச்சிட வேண்டும் எனச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது.

நியமனத்துக்கு எம்ஜிடி-11 என்ற படிவம் உண்டு. பங்குதாரரின் பெயர், முகவரி, ஃபோலியோ எண் அல்லது டீமேட் கணக்கு எண், பங்குகளின் எண்ணிக்கை, பதிலாளின் பெயர் ஆகியவற்றை நிரப்பி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் வராவிட்டால் அடுத்தவர் என வரிசையாக மூவரைக் குறிப்பிட அதில் இடம் இருக்கிறது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே ஆதரவு, எதிர்ப்பு என்ற கட்டங்களைப் பல நிறுவனங்கள் சேர்க்கின்றன. அவற்றை வெறுமையாக விட்டால் பதிலாள் தன் விருப்பப்படி வாக்களிப்பார். ஆகவே கூட்டத்தில் எடுக்கப்போகும் தீர்மானங்களைப் படித்துவிட்டுக் கட்டங்களை நிரப்புவதே பங்குதாரருக்குப் பாதுகாப்பு.

நிரப்பிய படிவம் கூட்டம் தொடங்குவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் நிறுவனத்தின் கைக்குச் சேர வேண்டும். அதற்கும் முன்னதாகவே தர வேண்டும் என நிறுவனம் தன் விதிகளில் எழுதிக்கொண்டாலும், சட்டத்தின் கண்ணில் அது 48 மணி நேரமாகவே கொள்ளப்படும். நாளிடாத படிவமும் ஸ்டாம்ப் இல்லாத படிவமும் பதிலாளின் பெயர் இல்லாத படிவமும் செல்லாது. ஒரே பங்குகளுக்கு இரண்டு படிவங்கள் வந்தால் பிந்திய தேதியிட்டதே நிற்கும். இரண்டிலும் ஒரே தேதி இருந்து, நேரமும் குறிக்கப்படவில்லை என்றால் இரண்டுமே தள்ளப்படும்.

கூட்டத்துக்குள் பதிலாளின் நிலை வேறு. அவருக்குப் பேச உரிமை இல்லை. கை உயர்த்தி முடிவெடுக்கும்போது அவர் கை கணக்கில் வராது; பங்குகளின் எண்ணிக்கைப்படி வாக்கெடுப்பு நடக்கும்போதுதான் அவரது வாக்கு எண்ணப்படும். கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையிலும் அவர் சேரமாட்டார். ஆனால் வாக்கெடுப்பு கோருவதில் அவர் கை கோக்கலாம்: மொத்த வாக்குரிமையில் பத்தில் ஒரு பங்கோ, ரூ.5 லட்சம் செலுத்தப்பட்ட பங்குகளோ வைத்திருப்பவர்கள் நேரிலோ பதிலாள் வழியாகவோ கேட்டால், தலைவர் வாக்கெடுப்பு நடத்தியே தீர வேண்டும்.

இதே இடத்தில் ஒரு பெரிய ஏற்றத்தாழ்வு தெரிகிறது. பங்குதாரர் ஒரு காப்பீட்டு நிறுவனமோ வேறு கம்பெனியோ என்றால், 113ஆம் பிரிவின்படி அதன் இயக்குநர் குழு தீர்மானம் போட்டு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். அவர் பதிலாள் அல்ல. நேரில் வந்த பங்குதாரருக்கு உள்ள எல்லா உரிமையும் அவருக்கு உண்டு. எழுந்து கேள்வி கேட்கலாம், கணக்கு விளக்கம் கேட்கலாம், கூட்டத்தின் எண்ணிக்கையிலும் சேர்வார். நூறு பங்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அனுப்பும் ஆள் மட்டும் வாய் திறக்கக் கூடாது. முதுமையோ நோயோ தூரமோ காரணமாக வர முடியாத தனிநபரின் கேள்வி அவரோடு வீட்டிலேயே தங்கிவிடுகிறது. இந்த வேறுபாட்டுக்கு ஏற்கத்தக்க நியாயம் தென்படவில்லை.

பதிலாளுக்கு உச்சவரம்பும் உண்டு. ஒருவர் 50 பேருக்கு மேல் பதிலாளாக இருக்க முடியாது. அவர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்திருக்கும் பங்கு, வாக்குரிமை உள்ள மொத்த மூலதனத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தனியே 10 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் ஒருவரைப் பதிலாளாக நியமிக்கலாம், ஆனால் அந்த ஆள் வேறு யாருக்கும் பதிலாளாக முடியாது. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. அங்கே நிர்வாகமும் அதை எதிர்ப்பவர்களும் எல்லாப் பங்குதாரர்களிடமும் பிராக்சி கேட்டுத் திரட்டுவார்கள். 1934ஆம் ஆண்டுப் பங்குப் பரிவர்த்தனைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் அந்தத் திரட்டலைக் கட்டுப்படுத்துகின்றன. 2021 மே மாதம் எக்ஸான்மொபில் நிறுவனத்தில் சுமார் 0.02 சதவீதப் பங்கு மட்டுமே வைத்திருந்த எஞ்சின் நம்பர் ஒன் என்ற சிறு முதலீட்டு நிறுவனம், பெரிய நிதிகளின் ஆதரவைப் பெற்று மூன்று இயக்குநர் இடங்களை வென்றது. ஒரே கையில் பிராக்சிகளைக் குவித்து இப்படி ஒரு போட்டியை நடத்த இந்திய உச்சவரம்பு இடம் தராது. இடைத்தரகர்கள் வாக்குகளை மொத்தமாக வளைத்துப்போடும் ஆபத்தும் அதே வரம்பால் குறைகிறது.

நிர்வாகத்துக்கும் கடிவாளம் உண்டு. தான் விரும்பும் ஒருவரைப் பதிலாளாக நியமிக்கச் சொல்லி, நிறுவனத்தின் செலவில், பங்குதாரருக்குக் கடிதம் அனுப்பும் அதிகாரிக்கு அபராதம் விதிக்கலாம். வந்து சேர்ந்த பிராக்சி படிவங்களைப் பங்குதாரர் பார்வையிடவும் முடியும். மூன்று நாளுக்குக் குறையாமல் எழுத்தில் அறிவித்துவிட்டால், கூட்டம் தொடங்குவதற்கு 24 மணி நேரம் முன்பிருந்து கூட்டம் முடியும்வரை அலுவலக நேரத்தில் அவற்றைப் புரட்டலாம். கடும் போட்டியுள்ள தீர்மானத்தில் இந்த உரிமை மிகவும் பயன்படும்.

கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பெறுவது எளிது. கூட்டம் தொடங்குமுன் நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்தால் போதும். பங்குதாரரே நேரில் வந்து வாக்களித்தாலும் பதிலாளின் அதிகாரம் முடிந்துவிடும். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டால் அதே பிராக்சி அதற்கும் செல்லும். வேறு கூட்டத்துக்குச் செல்லாது.

பட்டியலிட்ட நிறுவனங்களிலும் 1,000 பங்குதாரர்களுக்குக் குறையாத நிறுவனங்களிலும் மின்வாக்கு கட்டாயம் என்பதால், வாக்குக்காக மட்டும் பதிலாள் தேடும் தேவை அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும் இந்த வாக்களிப்பு, கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடப்படும். அப்படி வாக்களித்தவர் பிறகு கூட்டத்துக்கு வரலாம், பேசலாம்; மறுபடி வாக்களிக்க முடியாது. 2020இல் கொரோனா காலத்தில் காணொளிக் கூட்டங்களுக்கு அனுமதி வந்தபோது, எவரும் நேரில் வரத் தேவையில்லை என்ற காரணத்தால் அவற்றில் பதிலாள் வசதியும் நின்றது. 2024 டிசம்பரில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தன் விதிகளைத் திருத்தி, மின்வழியில் மட்டும் நடக்கும் கூட்டங்களுக்கு பட்டியலிட்ட நிறுவனங்கள் பிராக்சி படிவம் அனுப்ப வேண்டியதில்லை என்றது. திரையின் வழியே பங்குதாரரே வந்து பேச முடிகிறது என்ற அளவில் இது நல்ல மாற்றம். கணினியோ செல்பேசியோ பழகாத முதியவருக்கு இது உதவாது.

மின்வாக்கு எட்டாத இடங்களில் காகிதப் பிராக்சிக்கு இன்றும் வேலை இருக்கிறது. பிரைவேட் லிமிடெட் நிறுவனங்கள் தம் விதிகளில் 105ஆம் பிரிவை மாற்றி எழுதிக்கொள்ள 2015ஆம் ஆண்டு அரசு அறிவிப்பு அனுமதிக்கிறது. குடும்ப நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவர் படிவத்தை நிரப்புமுன் அந்த நிறுவனத்தின் விதிகளைப் படித்துப் பார்க்க வேண்டும். லாபநோக்கற்ற 8ஆம் பிரிவு நிறுவனங்களிலோ, பதிலாளும் அதே நிறுவனத்தின் உறுப்பினராக இருந்தாக வேண்டும்.