மண்மூட்டையான கூறைச் சேலை

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் காலமானால், 31ஆம் நாளளவில் சுற்றத்தார் கீரிமலைக்கு வந்து, கடலலை மோதும் கரையிலேயே நன்னீர் ஊறுகின்ற அந்தக் கேணியில் நீராடி, அந்தியேட்டிக் கிரியைகளை நிறைவேற்றிப் போவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அதையொட்டி உற்றார் கையிலே சிறு புத்தகம் ஒன்று கொடுக்கப்படும். கல்வெட்டு என்று நாம் வழங்கும் அந்நூலில் இறந்தவருடைய குலமரபும் கல்வியும் உத்தியோகமும் நற்குணங்களும் செய்யுளாகவும் வசனமாகவும் இடம்பெற, இன்ன வருஷத்து இன்ன மாதத்து இன்ன பட்சத்து இன்ன திதியிலே அவர் சிவபதம் அடைந்தார் என்று வரையறுத்துக் கூறும் திதி வெண்பாவும் அதில் இருக்கும். பின்னர் தந்தையை இழந்தவர் ஆடி அமாவாசையிலும், தாயை இழந்தவர் சித்திரா பௌர்ணமியிலும் விரதம் பூண்டு, பிதிர்க்கடன் கழிப்பர்.

இத்தனைக்கும் ஆதாரமாக இருப்பது, இறப்பு நிச்சயமாகத் தெரிந்திருத்தல். திதி அறியப்படாதவர்க்கு அமாவாசையிலே கடன் செய்யலாம் என்று சாஸ்திரம் இடங்கொடுக்கின்றது உண்மையே. ஆயினும், 2009இல் உள்நாட்டுப் போரின் முடிவிலே இராணுவத்தினரிடம் தன் கண்முன்னே ஒப்படைக்கப்பட்ட மகனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்படி ஒரு தாயை எந்தச் சாஸ்திரம் வற்புறுத்த இயலும்? இறைத்தால், அவன் இறந்துவிட்டான் என்று தானே ஒப்புக்கொண்டவள் ஆகிவிடுகிறாள். இறைக்காவிட்டாலோ, செய்ய வேண்டிய கடனைச் செய்யாதவள் என்ற வேதனை அவளை விடுவதில்லை. 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னும், காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்க 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவின் முன்னும் இத்தாய்மார் வந்து நின்று சொன்னதையே திரும்பச் சொன்னார்கள். 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியது. மரணச் சான்றிதழ் வேண்டாதவர்களுக்கு, ஒருவர் காணாமற்போனதை மாத்திரம் உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்குவதற்கும் அவ்வாண்டிலேயே சட்டவழி செய்யப்பட்டது. அதற்குப் பின்னரும், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலிலே இத்தாய்மார் தொடர் போராட்டத்துக்கு அமர வேண்டியிருந்தது.

கிரியைக்குள்ளும் அடங்காமல், மனுவுக்குள்ளும் அடங்காமல் நிற்கின்ற இந்தத் துயரத்துக்குப் பழந்துணியும் ஊசியும் நூலும் ஒரு பாஷையாகலாம் என்பது என் அபிப்பிராயம். அப்படிச் சொல்லும்போது, பொழுதுபோக்குக்காகச் செய்யும் கைவேலையைத் துன்பப்பட்டவர்களுக்கு உபதேசிப்பதாக எவரும் கருதிவிடலாகாது. நம்முடைய பெண்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஊசியை எடுத்த ஒரு காலம், நினைவுக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கின்றது.

2009ஆம் ஆண்டின் முற்பகுதியில், வன்னியிலே தரித்து நிற்கக்கூடிய நிலம் நாளுக்கு நாள் சுருங்கி, மாத்தளன் தொடக்கம் முள்ளிவாய்க்கால் வரையிலான ஒடுங்கிய கடற்கரையில் சனங்கள் நெருக்குண்டு கிடந்தபோது, பதுங்குகுழிக்கு அணைகட்டச் சாக்குக் கிடைக்கவில்லை. மணற்பாங்கான நிலம் ஆதலால் வெட்டிய குழி நில்லாது சரிந்தது. அப்பொழுது பெண்கள் தங்கள் சேலைகளை எடுத்தார்கள். சேலையைத் துண்டு துண்டாகக் கிழித்து, துண்டை இரண்டாக மடித்து, ஓரங்களை மணல் கசியாதபடி நெருக்கமாக மூட்டித் தைத்து, பையாக்கி, கடல்மணலை நிறைத்துக் குழியின் வாயைச் சுற்றி அடுக்கினார்கள். வீட்டிலே உடுக்கும் நூற்சேலை முடிந்த பிறகு, கோவிலுக்கு உடுக்கும் சேலையும், பெட்டியின் அடியில் மடிப்புக் கலையாமற் கிடந்த பட்டும், தாலி கட்டிய அன்று உடுத்த கூறையுங்கூட வெளியே வந்தன. எத்தனை இடப்பெயர்வுகளிலே, எதையெதையோ வழியில் எறிந்துவிட்டு, இந்தக் கூறையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள் அந்தப் பெண்! கலியாணத்தன்று ஐயர் தட்டத்திலே வைத்து மந்திரஞ் சொல்லிக் கொடுத்த அந்தச் சேலையின் சரிகைக் கரை, பிள்ளைகளின் தலைக்குமேல் மண்சுமந்து நின்றது. போரின் பின் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களிலே அம்மணற்பரப்பில் வர்ணத் துணிகள் சிதறிக் கிடக்கக் காணலாம்.

இந்த நூற்றாண்டில் ஈழத்துப் பெண்கள் கூடிச் செய்த தையல் வேலைகளுள் இதனினும் பெரியதொன்றை நான் அறியேன். ஆயினும் அதனைத் தையல் என்றோ கலை என்றோ எவரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை என்பதுதான் என்னை வருத்துகின்றது.

பழஞ்சேலையை அடுக்கித் தைத்துப் போர்வையாக்கும் வழக்கம், குளிர் அறியாத நம் பகுதியில் வேரூன்றவில்லை. ஆனால் அம்மம்மாவின் நைந்த நூற்சேலையிலே ஏணை கட்டிக் குழந்தையை வளர்த்துவதும், பிறந்த பிள்ளையைப் பழவேட்டியில் ஏந்துவதும் நமக்கும் உரியவை. பீகார் மாநிலத்து முசாபர்பூர் மாவட்டத்திலே பூசுரா என்ற கிராமத்தில், இதே எண்ணத்திலிருந்துதான் சுஜனி என்னும் ஒட்டுப் போர்வை தோன்றியிருக்கின்றது. பிறக்கப் போகும் குழந்தைக்காக, தேய்ந்த சேலைகளிலும் வேட்டிகளிலும் நல்ல பாகங்களைத் தெரிந்தெடுத்து, இரண்டு மூன்று அடுக்காகத் தரையிலே விரித்து, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலையே கோத்து, மேலும் கீழுமாக நூலோட்டி அடுக்குகளை ஒன்றாக்குவார்கள். கந்தல்களுக்கென்றே சிதிரியா மா என்றொரு தேவியை அவர்கள் வழிபடுகிறார்கள். பிரிந்து கிடக்கும் துண்டுகள் யாவும் முடிவிலே முழுமையொன்றைச் சேரும் என்ற நம்பிக்கை அந்த வழிபாட்டின் உட்பொருள்.

மங்கிப்போயிருந்த இவ்வேலைக்கு, 1988இல் பாட்னாவிலே அதிதி என்ற மகளிர் ஸ்தாபனத்தை நிறுவிய விஜி ஸ்ரீனிவாசனின் முயற்சியினால் புதிய விசேஷம் ஒன்று வாய்த்தது. பூவும் பறவையும் மாத்திரம் தைத்துவந்த பெண்கள், தங்கள் வாழ்க்கையையே தைக்கத் தலைப்பட்டார்கள். சீதனக் கொடுமை, பெண்சிசுக் கொலை, கணவனின் குடி, வாக்குச்சாவடியில் நடக்கும் பலாத்காரம், எய்ட்ஸ் நோய் ஆகிய இவையெல்லாம் துணியில் வந்தன. அவ்வேலையைக் கிட்ட இருந்து பார்த்தால் ஒரு நுட்பம் புலனாகும். உருவங்களின் புறவரையைக் கறுப்பு அல்லது கருஞ்சிவப்பு நூலாற் சங்கிலித் தையலிட்டு எடுப்பாகக் காட்டிவிட்டு, உருவத்துக்குப் புறம்பான வெளி முழுவதையும், துணியின் நிறமேயுள்ள நூலாலே, அரிசியளவான சிறு தையல்களை வரிவரியாக ஓட்டி நிரப்புகிறார்கள். தூரத்தில் நிற்பவனுக்கு அந்த வெளி வெறுந்துணியாகவே தோன்றும். விரலை வைத்துத் தடவினால்தான், உழைப்பின் பெரும்பாகம் கண்ணுக்குத் தெரியாத அந்த வெளியிலேயே போயிருப்பது விளங்கும். இக்கலையைப் பேணி வளர்த்த பூசுராவின் நிர்மலா தேவிக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சந்தை இவ்வேலையைத் தேடி வந்தபோது, தலையணை உறைக்கும் திரைச்சீலைக்கும் பூவும் கிளியுமே அதிகம் கேட்கப்பட்டிருக்கும் என்று ஊகிப்பதற்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை. சீதனத்துக்காக எரிந்த பெண்ணின் உருவத்தைப் படுக்கையில் விரித்து உறங்க எவர் விரும்புவார்? ஆதலால் இத்தகைய வேலையை விற்பனைப் பண்டமாக மாத்திரம் நினைத்துத் தொடங்குவது, தொடங்கும்போதே அதன் வாயைக் கட்டுவதாகும்.

நம்முடைய நிலைமைக்கு இன்னும் அணித்தான உதாரணம், பூமியின் மறுபுறத்தில், சிலி தேசத்தில் இருக்கின்றது. 1973 செப்டெம்பர் 11ஆம் திகதி இராணுவப் புரட்சியினால் பினோசே ஆட்சியைக் கைப்பற்றிய பின், ஆயிரக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டனர். பலரைப் பற்றிய தகவலே இல்லாது போயிற்று. தேடி அலைந்த தாய்மாரும் மனைவிமாரும் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆதரவில் ஒன்றுகூடி, சாக்குத் துணியின்மேல் கந்தல்களை வெட்டி ஒட்டித் தைத்து, ஆர்பியேரா என்ற சிறு சித்திரத் துணிகளை ஆக்கினர். 1976இல் கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கேஸ் நிறுவிய ஒருமைப்பாட்டு அலுவலகம் அவற்றை வாங்கி வெளிநாடுகளுக்கு அனுப்பிற்று. பின்னணியில் அந்தீஸ் மலைத்தொடரும், அதன்மேல் சூரியனும். கீழே பூட்டிய தொழிற்சாலை, பொதுச் சமையற் பானை, சிறைக்கதவு, எங்கே அவர்கள் என்று எழுதிய பதாகையை ஏந்திய பொம்மைப் பெண்கள். காணாமற்போனவனின் சட்டையிலிருந்தே வெட்டிய துண்டினால் அவனுடைய உருவத்துக்குச் சட்டை தைத்தவர்களும் உண்டு. ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடுகின்ற குவேக்கா என்னும் தேசிய நடனத்தை, மார்பிலே கணவனின் படத்தைக் குத்திக்கொண்டு ஒரு பெண் தனியே ஆடுவதாகக் காட்டும் துணிகள் இவற்றுள் பிரசித்தமானவை. எதிரே ஆடவேண்டியவன் நிற்கும் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும்.

அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயால் மாண்டவர்களுக்காகக் கிளீவ் ஜோன்ஸ் என்பவர் தொடங்கிவைத்த ஞாபகப் போர்வையும் இவ்விடத்தில் சொல்லத்தக்கது. மூன்று அடி அகலமும் ஆறு அடி நீளமுமாக, ஒரு புதைகுழியின் அளவிலே, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துணி என்று தைத்துச் சேர்த்து, 1987 அக்டோபர் 11இல் வாஷிங்டன் நகரின் பெருமைதானத்திலே முதன்முதலாக விரித்தபோது 1,920 துணிகள் இருந்தன. இன்று அத்தொகை 50,000 அளவில் வந்திருக்கின்றது.

யாழ்ப்பாணத்திலும் இதற்கு வழி திறந்தவர்கள் இல்லாமலில்லை. பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு போதிக்கும் ஓவியர் தா. சனாதனன், வீட்டை இழந்தவர்களைக் கொண்டு அவர்களுடைய வீட்டுத் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரைவித்து, அவர்கள் கூறிய கதைகளோடு சேர்த்து, ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரைச் சூட்டி, 2011இல் ஒரு நூலாக்கினார். அதே பல்கலைக்கழகத்திற் சித்திரமும் வடிவமைப்பும் பயின்ற ஹேமா ஷிரோனி, துணியையும் நூலையுமே தமது சாதனமாகக் கொண்டு, வீடு, இடப்பெயர்வு, மொழி ஆகியவற்றைப் பற்றிய ஆக்கங்களைச் செய்துவருகிறார். ஆயினும் இவை கலைஞர்களின் படைப்புகள். காட்சிமண்டபத்துக்குப் போகிறவர்கள் காண்பன. பூசுராவிலும் சிலியிலும் ஊசி பிடித்தவர்களோ தம்மைக் கலைஞர் என்று எண்ணியிராத பெண்கள்.

போருக்குப் பின் வடக்கிலே வாழ்வாதார உதவி என்ற பெயரில் மிகுதியாகக் கொடுக்கப்பட்ட பொருள்களுள் தையல் மெசினும் ஒன்று. கோழிக்குஞ்சு, ஆடு, தையல் மெசின் என்று கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போனவர் பலர். பாடசாலைச் சீருடையும் சட்டையும் தைத்துப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அதனைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எனினும், வயிற்றுக்குத் தைக்கப் பழக்கிய பயிற்சியாளர்கள், அந்தப் பெண்களுக்குச் சொல்லவும் ஏதேனும் இருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்ததுண்டா?

கீரிமலைப் பெண்களிடம் சொல்வதற்கு நிரம்ப உண்டு. 1990 ஜூன் மாதத்தில், போரினால், கீரிமலையை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு புறப்பட்டார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம், மல்லாகம் கோணப்புலம் முகாம் முதலியவற்றிலே கால்நூற்றாண்டுக்கு மேலாகத் தகரக் கொட்டில்களில் வாழ்ந்து, அங்கேயே பிள்ளைகளைப் பெற்று, அப்பிள்ளைகளுக்குக் கலியாணமும் செய்துவைத்தவர்கள் இருக்கிறார்கள். 2016இல் அவர்களுட் சிலருக்கு நல்லிணக்கபுரம் என்ற பெயரிலே கீரிமலையில் வீடுகள் வழங்கப்பட்டன. காணி விடுவிக்கப்பட்ட வேறு பலர், வீடும் மதிலும் வேலியும் இருந்த சுவடின்றிப் பற்றைக்காடாய்க் கிடந்த வெளியிலே, கிணற்றைக் கொண்டே தங்கள் வளவை இன்னதென்று அடையாளங் கண்டார்கள். அந்தக் கிணற்றை எந்த நிறத் துணியில் வெட்டுவது, துலா நின்ற பக்கம் எது, வேலியில் நின்ற பூவரசுக்கு எவருடைய சட்டைத்துண்டு பொருந்தும் என்பனவற்றை அவர்கள் ஒன்றாயிருந்து பேசத் தொடங்கினாலே, எந்த ஆணைக்குழுவும் கேட்டறியாத சாட்சியம் வந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செய்முறை கடினமானதன்று. நைந்த நூற்சேலை மூன்று, மெல்லிய ஊசி, இரண்டு நிற நூல், சனிக்கிழமை பின்னேரத்திற் கூடியிருக்க ஒரு மண்டபம் ஆகியவை போதும். மெசினை இதற்கு எடுக்கக்கூடாது என்பது என் கட்சி. கையாலே தைக்கும்போதுதான் பேச்சு நடக்கும். வேலை முடிந்த துணி தைத்தவளுக்கே உரியதாக இருக்க வேண்டும். கொழும்புக்கோ ஜெனீவாவுக்கோ அதனைக் கொண்டுபோக விரும்பும் ஸ்தாபனம், அவளிடம் கைமாற்றாக வாங்கி, சொன்ன தவணையில் திருப்பிக் கொடுக்கட்டும்.

பெயர் தைப்பதா என்பது மாத்திரம் எனக்கும் தீராத விசாரமாக இருக்கின்றது. சிலியிலே ஆட்சியாளருக்கு அஞ்சிப் பெயரில்லாமலே துணிகளை அனுப்பினார்கள். அமெரிக்காவிலோ, அவமானம் என்று மறைக்கப்பட்ட பெயர்களை உரத்துச் சொல்வதற்காகவே எழுத்துக்களைப் பெரிதாகத் தைத்தார்கள். இங்கே தாய்மாரின் வீடுகளுக்குப் புலனாய்வாளர் வந்து விசாரிப்பது இன்னும் ஓயவில்லை. அதே வேளையில், மகனின் பெயரைச் சொல்லாமல் அவனுக்காக ஒரு துணி தைக்க எந்தத் தாயும் உடன்படமாட்டாள். பெயரை மேலடுக்கில் வைப்பதோ, உள்ளடுக்கிலே தைத்து மூடிவிடுவதோ அவரவர் தீர்மானிக்க வேண்டிய காரியம். அந்தத் தீர்மானத்தை அவர்களுக்காக வேறு யாரும் எடுத்துவிடாதபடி பார்த்துக்கொள்வதே, மண்டபத்தையும் ஊசி நூலையும் கொடுக்க முன்வருபவர்களின் முதற் கடமை.