கொடுங்கையூரில் மார்கழி

சென்னைப் பட்டணத்துக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டா? டில்லியில் வசிக்கும் நண்பர் ஒருவரிடம் இப்படிக் கேட்டால் அவர் விலா நோகச் சிரிப்பார். ஜனவரி மாதத்து விடியற்காலையில்கூட இங்கே உஷ்ணமானி 20 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்குகிறது. ஆனாலும் மார்கழி பிறந்ததோ இல்லையோ, நம்மவர்கள் பெட்டியின் அடியிலிருந்து குரங்குக் குல்லாயை எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்கிறார்கள். காது மூடிய பெரியவர்கள் கையில் காப்பித் தம்ளருடன் வாசலில் நின்று, "என்ன குளிர், என்ன குளிர்!" என்று பரஸ்பரம் விசாரித்துக்கொள்கிறார்கள். ஆகையால், உஷ்ணமானி என்ன சொன்னாலும் சென்னைக்குக் குளிர்காலம் உண்டு என்றே நாம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் குளிர்காலம் ஊரின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே மாதிரியானதல்ல. மயிலாப்பூரில் மார்கழி என்றால் கச்சேரி. கூவத்துக்கு வடக்கே வந்துவிட்டால் மார்கழி என்றால் ஆட்டம். முன்னதைப் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. பின்னதைக் கண்டு வரலாம் என்று, பொங்கலுக்குச் சில தினங்களுக்கு முன் ஒரு நாள், இருள் பிரியும் வேளையில் கொடுங்கையூருக்குச் சென்றோம்.

கொடுங்கையூர் வியாசர்பாடிக்கு வடக்கே, தண்டையார்பேட்டைக்கு மேற்கே இருக்கிறது. முன்பு நகரத்துக்கு வெளியே இருந்த கிராமம். இன்று நகரத்துக்குள் நெருக்கமாக அடங்கிப்போன பேட்டை. தெருக்களில் ஸ்திரீகள் சாணம் தெளித்துக் கோலமிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆப்பக்கடை அடுப்பு எரியத் தொடங்கியிருந்தது. அப்பால் ஒரு வெறும் திடலில் பத்துப் பன்னிரண்டு சிறுவர்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். காலில் பூட்ஸ் இல்லை; இரண்டு செங்கற்களே கோல் கம்பங்கள். திடலின் மறுகோடி வெண்மையாக மறைந்திருந்தது. ஓங்கி உதைத்த பந்து அந்த வெண்மைக்குள் புகுந்து காணாமற் போகும். சற்று நேரத்துக்கெல்லாம் எதிர்க் கட்சியான் ஒருவனின் காலோடு திரும்பி வரும்.

"பனி இன்றைக்கு அதிகமோ, தம்பி?" என்று ஓரத்தில் நின்ற பையனைக் கேட்டோம்.

"அது பனி இல்ல சார், பொகை" என்றான் அவன், வெகு சாதாரணமாக.

அந்த ஒரு வார்த்தையின் பொருளை இக்கட்டுரையின் பிற்பகுதியில் சொல்லுகிறோம். முதலில் ஆட்டங்களைப் பார்ப்போம்.

மழை விட்டபின்

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. வட சென்னை தாழ்ந்த பிரதேசம். மழை வலுத்தால் தெருவும் திடலும் ஒன்றாகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இப்பக்கத்துப் பேட்டைகள் பல நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன. பங்குனி பிறந்த பிறகோ, காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். ஆக, தரை உலர்ந்தும் வெயில் தணிந்தும் இருக்கிற மார்கழியும் தையும்தான் இங்கே தேகாப்பியாசத்துக்கு ஏற்ற மாதங்கள்.

குளிர்காலத்தை ஆட்டக் காலமாக்கிக்கொண்டவர்கள் நாம் மட்டுமல்ல. கனடா தேசத்தின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளிச் சமவெளிதான். அங்கே ஜனவரியில் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 டிகிரி வரையில் இறங்குகிறது. சின்னஞ்சிறு ஊர்களில் ஜனங்கள் ஒரு திடலில் தண்ணீரைப் பாய்ச்சிவிடுகிறார்கள்; இரவுக் குளிர் அதைக் கண்ணாடிபோல் உறைய வைக்கிறது. மறுநாள் அதுவே ஹாக்கி மைதானம்! அம்மாகாணத்தில் 1928-இல் பிறந்து, அப்படிப்பட்ட பனித்தரைகளில் ஆடி வளர்ந்த கார்டி ஹோவ் பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற பனி ஹாக்கி வீரரானார். அங்கே "கர்லிங்" என்று இன்னொரு ஆட்டமும் உண்டு. ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள கருங்கல்லைப் பனிக்கட்டியின்மேல் சறுக்கிவிட்டு, தூரத்தில் வரைந்த வட்டத்தின் நடுவில் நிறுத்த வேண்டும். 2001-இல் சஸ்காச்சுவான் அதைத் தன் மாகாண விளையாட்டாகவே பிரகடனம் செய்தது.

அங்கே குளிரே மைதானத்தை அமைத்துக் கொடுத்துவிடுகிறது. நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நம்முடைய குளிர் நல்ல வேளையை மட்டுமே கொடுக்கிறது. இடத்தை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

இடமில்லாத ஊரின் வீரர்கள்

இருக்கிற இடத்தில் வட சென்னை செய்து காட்டியிருப்பது சாமானியமல்ல. கொடுங்கையூரை அடுத்த வியாசர்பாடிக்குக் "குட்டி பிரேசில்" என்றே பட்டப்பெயர். அங்கே 2000-ஆம் ஆண்டில் உள்ளூர்ப் பந்தாட்டக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்து, குடிசைப் பகுதிச் சிறுவர் சிறுமியருக்குப் பந்தாட்டமும் பள்ளிப் பாடமும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடினார், அவ்வணி 2018-இல் இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்றது.

குத்துச்சண்டையோ இப்பக்கத்தின் பழைய சொத்து. வெள்ளைக்காரத் துரைமார்கள் கையுறையோடு கொண்டுவந்த வித்தையை, துறைமுகத் தொழிலாளரும் மீன்பிடிப்போரும் தமதாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று சங்கீதத்தைப்போலவே இதற்கும் பரம்பரைகள் ஏற்பட்டன. 1980-இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி நடத்தியதைப் பற்றி இன்றும் இராயபுரத்துப் பெரியவர்கள் நேற்று நடந்ததுபோல் வர்ணிப்பார்கள்.

பொங்கல் வாரத்தில் சடுகுடுவுக்குத் தனி மவுசு. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம். ஒரு கோடும் ஒரு மூச்சும் போதும். ஏழைத் தேசத்துக்கு இதைவிடச் சிக்கனமான ஆட்டம் ஏது? 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் ஆட்டங்களின்போது அமராவதி நகரத்து ஹனுமான் வியாயாம பிரசாரக மண்டலத்தார் இதனை உலகத்தாருக்கு ஆடிக் காட்டினார்கள். 1990-இல் பீகிங்கில் நடந்த ஆசிய விளையாட்டில் அது பதக்கத்துக்குரிய பந்தயமாகி, முதல் தங்கமும் இந்தியாவுக்கே கிடைத்தது. "கபடி, கபடி" என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிரி எல்லைக்குள் போய்வர வேண்டிய ஆட்டம் இது. ஆட்டக்காரனுடைய முதலெல்லாம் அவனுடைய சுவாசம்தான் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இரவு வந்தால் விளக்குக் கம்பத்தடியில் கேரம் பலகை. கனடாக்காரர்கள் பனிக்கட்டியில் கல்லைச் சறுக்குகிறார்கள். நம்மவர்கள் வெள்ளை மாவு தூவிய பலகையில் ஸ்டிரைக்கரைச் சறுக்குகிறார்கள். இரண்டும் விரலளவு கணக்குத் தப்பினால் தோற்கும் வித்தைகள். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் உதயமானது நமது சென்னையில்தான். சென்னைவாசியான மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியனாகி, 1996-க்குரிய அர்ஜுனா விருதையும் பெற்றார். வியாசர்பாடிப் பெண் இளவழகி 2008-இல் பிரான்ஸ் தேசத்தில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றார். புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் தனியர், இரட்டையர், குழு ஆகிய மூன்றிலும் தங்கம் வாங்கித் திரும்பினார்.

ஆட்டம் முடிந்தால் பசிக்கும் அல்லவா? அதற்கும் ஏற்பாடு உண்டு. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறிய தமிழர்கள், தங்களோடு "அத்தோ" என்னும் பட்சணத்தையும் கொண்டுவந்தார்கள். மாலைப் பனியில், தள்ளுவண்டிக்கருகில் நின்று அதைச் சாப்பிட்டு, கூடவே வாழைத்தண்டுச் சூப்பையும் குடித்துவிட்டால் குரங்குக் குல்லாய்க்கு அவசியமே இல்லை!

பனியல்ல, புகை

இனி அந்தப் பையன் சொன்ன வார்த்தைக்கு வருவோம்.

கொடுங்கையூரின் வடகிழக்கே சுமார் 340 ஏக்கர் விஸ்தீரணத்துக்கு ஒரு மேடு கிடக்கிறது. அது இயற்கை அமைத்த குன்றன்று, நாம் அமைத்தது. பெரம்பூர், இராயபுரம், அண்ணாநகர் உள்ளிட்ட சென்னையின் வட பாதியில் சேரும் குப்பை, 1980-கள் தொட்டு அங்கேதான் கொட்டப்பட்டு வருகிறது. சோற்றுக் கழிவும் காய்கறித் தோலும் காற்றுப் புகாத குவியலுக்குள் அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. குவியலின் வயிற்றில் பற்றிய நெருப்பு, மேலே தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே பல நாட்கள் புகைந்துகொண்டிருக்கும்.

கோடையிலும் இப்புகை உண்டு. ஆனால் அப்போது சூடான தரைக்காற்று மேலே எழும்பி, புகையையும் தூக்கிக்கொண்டு போய்விடும். மார்கழி இரவில் நடப்பதோ வேறு. தரை விரைவில் குளிர்ந்துபோகிறது. அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது. அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று, பானைமேல் வைத்த தட்டைப்போல் மூடிக்கொள்கிறது. கீழே எழுந்த புகை மேலே போக வழியில்லாமல் தெருவோடு தெருவாகப் படுத்துவிடுகிறது. சூரியன் கிளம்பித் தரையைச் சுடவைத்த பிறகே தட்டு விலகும். அதாவது, சிறுவர்கள் ஆடுவதற்கு உகந்த வேளை எதுவோ அதுவேதான் காற்று மிகவும் கெட்டிருக்கிற வேளை!

போகியன்று இது உச்சத்துக்குப் போகிறது. பழைய பாயையும் விளக்குமாறையும் எரித்தது ஒரு காலம். பின்னர் டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கும் வழக்கம் வந்தது. 2018-ஆம் ஆண்டுப் போகி விடியலில் புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டன. ஆகாய விமானத்துக்குத் திரும்பிப்போக வேறு ஊர் இருக்கிறது. எழில் நகரில் குடியிருக்கும் குழந்தை எங்கே திரும்பிப் போகும்?

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிஷத்துக்குச் சுமார் 6 லிட்டர் காற்றை இழுக்கிறான். ஓடும்போது அது பல மடங்கு பெருகுகிறது. புகையிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இரா. அவை மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நேரே நுரையீரலின் அடிவரை இறங்குகின்றன. தேகத்தை வலுப்படுத்த ஓடும் பிள்ளை, ஓடாத பிள்ளையைவிட அதிக விஷத்தை உட்கொள்ளுகிறான். இதைவிடக் கொடுமை வேறு உண்டா?

யாருடைய பொறுப்பு?

மேட்டைக் கரைக்கும் வேலை சமீப ஆண்டுகளில் ஆரம்பமாகியிருக்கிறது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, மண் வேறு, பிளாஸ்டிக் வேறு, கல் வேறாகப் பிரித்தெடுக்கிறார்கள். இம்முறையில் சுமார் 66 லட்சம் டன் குப்பையை அகற்றி 252 ஏக்கர் நிலத்தை மீட்பது மாநகராட்சியின் திட்டம். அதே வளாகத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றை அமைக்கவும் யோசனை எழுந்தது. நகரத்தின் குப்பை நாள்தோறும் பெருகுகிறது, அதை எப்படியாவது தீர்க்கத்தானே வேண்டும் என்பது அதிகாரிகளின் வாதம். போதுமான புகையைக் குடித்தாகிவிட்டது, இனி ஒரு புகைபோக்கியும் வேண்டாம் என்பது குடிமக்களின் வாதம். 2025 மே மாதத்தில் வட சென்னைவாசிகள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று இதைத் தெரிவித்தார்கள்.

மீட்கப்படும் நிலத்தில் ஒரு பகுதியாவது மரங்கள் சூழ்ந்த விளையாட்டுத் திடலாக வேண்டும் என்று கோருவது நியாயமே என்பது நமது அபிப்பிராயம். பல வருஷங்கள் நகரத்தின் கழிவைச் சுமந்த ஊர் அவ்வளவாவது கேட்கக் கூடாதா?

ஆனால் சர்க்காரையும் மாநகராட்சியையும் மட்டும் குறை கூறிவிட்டு நாம் காப்பி குடிக்கப் போய்விட முடியாது. குவியலைப் புகைய வைக்கும் மீத்தேன் எங்கிருந்து வந்தது? நமது அடுக்களையிலிருந்து. சோற்றையும் தோலையும் தனித் தொட்டியில் போட்டுக் கொடுத்தால் அது உரமாகும். காகிதமும் பிளாஸ்டிக்கும் நனையாமல் கிடைத்தால் அவை விலைபோகும். இரண்டையும் ஒரே பையில் முடிச்சுப் போட்டு வீசினால்தான் அது மேட்டுக்குப் போகிறது. போகியன்று பழைய டயரை எரிக்காமல் மாநகராட்சியின் வண்டியில் கொடுப்பதற்கும் காசு செலவில்லை. இவை குடும்பத் தலைவியும் தலைவனும் இன்று மாலையே செய்யக்கூடிய காரியங்கள். தேசத் தொண்டு என்பது எப்போதும் மேடையில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. சமையலறை மூலையில் இரண்டு தொட்டி வைப்பதும் தேசத் தொண்டுதான்.

ஏழு மணிக்குச் சூரியன் எழும்பியது. திடலின் மறுகோடி மெல்லத் தெரிய ஆரம்பித்தது. அதற்கப்பால் மேடும் தெரிந்தது. ஆட்டம் மூன்றுக்கு இரண்டு என்று முடிந்தது. வென்ற கட்சியும் தோற்ற கட்சியும் ஒன்றாக ஆப்பக்கடைக்கு ஓடின. நம்மிடம் பேசிய பையன் மட்டும் சற்றுக் குனிந்து, முழங்காலில் கையூன்றி, இரண்டு மூன்று முறை இருமினான். பிறகு பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "நாளைக்கும் வா சார், நாளைக்கு நாங்கதான் ஜெயிப்போம்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களின் பின்னால் ஓடினான்.